குழந்தை மனநல சிகிச்சையில் மரபணு அறிக்கையும் மாத்திரை டோஸும்: செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு எந்த மாத்திரை கேட்கும் என்பதை மரபணுப் பரிசோதனை சொல்லாது. கொடுக்கப்போகும் மாத்திரை உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும், ஒருசில மருந்துகளால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வர வாய்ப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அதில் ஓரளவு பதில் இருக்கிறது. வார்டில் பெற்றோரிடம் பேசும்போதும், டாக்டருக்குத் தகவல் சொல்லும்போதும் இந்த வேறுபாடு மனதில் இருக்க வேண்டும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மருந்துகளைப் பிரித்துக் காட்டும் வணிக அறிக்கைகள் இதற்கு நேர்மாறான எண்ணத்தை உண்டாக்குகின்றன. பச்சையில் இருப்பது "நல்ல மருந்து" என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மருந்தின் டோஸை மாற்றச் சொல்லும் மரபணுக் காரணம் எதுவும் கண்ணில் படவில்லை என்பதே பச்சைக்குப் பொருள். இப்படிப்பட்ட பரிசோதனைகளின் மிகையான உரிமைகோரல்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்தது. குழந்தைகளுக்கு மனநல மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி அமெரிக்கக் குழந்தை மற்றும் வளரிளம்பருவ மனநல மருத்துவக் கழகம் 2020-இல் அறிவுறுத்தியது. 2022-இல் வெளியான ஆய்வொன்றில் மனச்சோர்வுள்ள பதின்ம வயதினரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். மரபணு அறிக்கையைப் பார்த்து மருந்து கொடுத்த பிரிவு மற்றதைவிடக் கூடுதலாகக் குணமாகவில்லை.

அப்படியானால் இதை ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? உறுதியான ஆதாரம் உள்ள மருந்து-மரபணு இணைகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றில் டோஸைப் பாதியாக்குவதா, மருந்தையே தொடாமல் விடுவதா என்பது வரை அறிக்கை முடிவு செய்கிறது. அந்த அறிக்கை பயன்படுமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் செவிலியரின் கையில் இருக்கிறது. எடை, மருந்துப் பட்டியல், ஸாம்பிள், லேபிள், முதல் வாரக் கண்காணிப்பு எல்லாம் நம் வேலைகள்தானே.

எந்த இணைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்

சிபிஐசி என்ற பன்னாட்டு நிபுணர் குழு, மரபணு முடிவு கையில் இருந்தால் டோஸை என்ன செய்வது என்று வழிகாட்டுதல்களை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அவற்றிலிருந்தும், மருந்துக் குறிப்புகள், டச்சு வழிகாட்டுதல் போன்ற மற்ற ஆதாரங்களிலிருந்தும் குழந்தை மனநலத்தில் அடிக்கடி தேவைப்படுபவை இவை (சிஒய்பி என்று தொடங்குபவை மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள், எச்எல்ஏ என்று தொடங்குபவை தோல் ஒவ்வாமை ஆபத்தைக் காட்டும் மரபணு வகைகள்):

- அடோமாக்ஸெடின் (துறுதுறுப்புக் கோளாறுக்கான மருந்து): சிஒய்பி2டி6
- அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன்: சிஒய்பி2டி6
- எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம்: சிஒய்பி2சி19
- செர்ட்ராலின்: சிஒய்பி2சி19, அதனுடன் சிஒய்பி2பி6
- கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின்: எச்எல்ஏ-பி 15:02, கார்பமாசெபினுக்கு எச்எல்ஏ-ஏ 31:01-உம்
- வால்ப்ரோயேட்: போல்ஜி மரபணுக் கோளாறு, யூரியா சுழற்சிக் கோளாறுகள் (உடம்பில் சேரும் அம்மோனியாவை அகற்ற முடியாத பிறவிக் குறைகள்)

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு இப்படிப்பட்ட பயனுள்ள மரபணு வழிகாட்டுதல் கிடையாது. லித்தியத்துக்கும் இல்லை. பல அறிக்கைகளில் எம்டிஎச்எஃப்ஆர், சிஓஎம்டி, செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணு என்று பக்கம் பக்கமாக வரும். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளுக்கான 2023 வழிகாட்டுதல், செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவையும் எச்டிஆர்2ஏ மரபணுவையும் வைத்து டோஸ் முடிவு செய்யப் பரிந்துரை எதுவும் தரவில்லை. அந்தப் பக்கங்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயங்களும் உண்டு. சிஒய்பி2சி19-இன் ஸ்டார் 2 என்ற செயலிழந்த வகை, ஐரோப்பியரைவிடத் தென்னிந்தியர்களிடம் அதிகம். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடையே நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. சிஒய்பி2டி6 முற்றிலும் செயலற்றிருப்பது ஐரோப்பியரில் 100-க்கு 5 முதல் 10 பேரிடம் காணப்படுகிறது, நம்மிடம் அதைவிடக் குறைவு. எச்எல்ஏ-பி 15:02 இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரில் சராசரியாக 100-க்கு 2 முதல் 4 பேரிடம் இருப்பதாகவும், சில சமூகங்களில் கூடுதலாக இருக்கலாம் என்றும் கார்பமாசெபினின் எஃப்டிஏ மருந்துக் குறிப்பு சொல்கிறது. எனவே வெளிநாட்டுப் பாடநூலின் முன்னுரிமை வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வார்டில் கார்பமாசெபினும் எஸ்சிட்டலோப்ராமும் முன்னால் வர வேண்டும்.

படி 1: பரிசோதனைக்கு முன் மருந்துப் பட்டியல்

பரிசோதனை கேட்டு டாக்டர் எழுதிவிட்டார் என்றால் உடனே ஸாம்பிள் எடுக்க ஓட வேண்டாம். "மருந்து கேட்கவே இல்லை" என்று வரும் குழந்தைகளில் பலரிடம் மாத்திரை வயிற்றுக்குள் போகவே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். 30 நாளைக்கு வாங்கிய அட்டையில் 25-ஆம் நாளில் 14 மாத்திரை மிச்சம் இருந்தால் மரபணுவைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அடுத்தது முழுப் பட்டியல். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறானாம்மா?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். தனித்தனியாகக் கேட்க வேண்டும்: "சளி, இருமலுக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின டானிக் ஏதாவது? வயித்தெரிச்சல் மாத்திரை? ஃபிட்ஸ் மாத்திரை? டிபி மாத்திரை? நாட்டு மருந்து, லேகியம், சூரணம்? போன மாசம் நிறுத்தின மாத்திரை எதாவது?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், காரணம் கீழே வரும்.

பட்டியலில் குறிப்பாகத் தேட வேண்டியவை:

ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், புப்ரோபியான் ஆகியவை சிஒய்பி2டி6-ஐ அடக்கிவிடும். மரபணுவில் நார்மலாக உள்ள குழந்தைகூட இந்த மாத்திரையோடு சேர்த்துப் பார்த்தால் மருந்தை மெதுவாகச் சிதைக்கும் குழந்தைதான். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்திய பிறகும் அதன் சிதைபொருள் பல வாரங்கள் உடம்பில் தங்கி இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். "போன மாசம் நிறுத்தின மாத்திரை" கேள்வி இதற்காகத்தான்.

ஓமெப்ரசோலும் ஃப்ளூவாக்ஸமினும் சிஒய்பி2சி19-ஐ அடக்கும். ஐசோனியாசிட் கார்பமாசெபின் அளவை ஏற்றிவிடும், எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் அப்படியே. ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் வேலை செய்து பல மருந்துகளை வேகமாக வெளியேற்றும். கார்பமாசெபினும் அப்படித்தான்: ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டின் அளவையும் இறக்கிவிடும். புகைபிடிக்கும் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஓலான்சபின், க்ளோசபின் அளவு குறையும். வார்டில் சேர்த்துப் புகை நின்றதும் அதே டோஸில் அளவு ஏறிவிடும். அம்மா அருகில் இருக்கும்போது பையன் உண்மை சொல்ல மாட்டான், தனியாகக் கேளுங்கள்.

அறிக்கையில் இவை எதுவும் இருக்காது. ஆய்வகத்துக்கு மரபணு மட்டும்தான் தெரியும். குழந்தை வேறென்ன விழுங்குகிறது என்பதைச் செவிலியர் எழுதிவைத்தால்தான் டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

குடும்ப வரலாற்றில் மூன்று கேள்விகள் போதும். யாருக்காவது மருந்தால் தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததுண்டா? காரணம் தெரியாமல் இறந்த பச்சிளங்குழந்தை, கல்லீரல் செயலிழந்த குழந்தை உண்டா? சொந்தத்தில் கல்யாணமா? போல்ஜி கோளாறிலும் பெரும்பாலான யூரியா சுழற்சிக் கோளாறுகளிலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும். அதனால் மாமன் மகள், அக்கா மகள் திருமணம் உள்ள குடும்பத்தில் வால்ப்ரோயேட் தொடங்குமுன் இந்தத் தகவலைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வால்ப்ரோயேட் தொடங்கிய பிறகு வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், குழப்பம் வந்தால் அம்மோனியா பார்க்கச் சொல்வார்கள். அந்த ஸாம்பிளை ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும், டோர்னிக்கேயை நேரம் போகக் கட்டிவைக்கக் கூடாது. வெளியே ஒரு மணி நேரம் கிடந்த ஸாம்பிளில் அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

படி 2: ஒப்புதல்

18 வயதுக்குக் கீழ் பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அதோடு குழந்தையின் சம்மதத்தையும் கேட்பது நல்ல வழக்கம். ஆராய்ச்சிக்கான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல் 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், 12-க்கு மேல் எழுத்துச் சம்மதம் என்கிறது. சிகிச்சைக்கும் அதே அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோரிடம் சொல்ல இவ்வளவு போதும்: "இந்த டெஸ்ட் புள்ளைக்கு என்ன வியாதின்னு சொல்லாதும்மா. புத்தி எப்படி இருக்கும்னும் சொல்லாது. மாத்திரை உடம்புல சீக்கிரம் கரையுமா, ரொம்ப நேரம் தங்குமான்னு பாக்கத்தான். ரிசல்ட் வந்ததும் இப்ப குடுக்கிற மாத்திரையே சரின்னும் வரலாம்." கடைசி வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆயிரக்கணக்கில் செலவழித்தும் ஒன்றும் மாறவில்லையே என்ற கோபம் பிறகு உங்கள் மேல்தான் திரும்பும்.

படி 3: ஸாம்பிள்

ரத்தம் என்றால், உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட ஊதாமூடிக் குழாயில் 2 முதல் 3 மி.லி. எடுத்ததும் 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். ஹெப்பரின் குழாய் கூடாது. ஹெப்பரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைக் கெடுத்துவிடும், பத்து நாள் கழித்து "ஸாம்பிள் தோல்வி" என்று பதில் வரும்.

கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் முறையில், முன்னால் 30 நிமிடம் சாப்பாடு, பால், பபிள்கம், பல் தேய்ப்பு எதுவும் கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குச்சியை ஈறின் மேல் வைக்காமல் கன்னச் சதையில் அழுத்திச் சுழற்றியபடி பக்கத்துக்கு 30 விநாடி தேய்க்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் உமிழ்நீர் மட்டும் வரும், செல் வராது. உலர்குச்சி முறையென்றால் காயவிட்டு, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கிட்டில் வேறுமாதிரி எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

எச்சில் குழாய் என்றால் நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு வரை நிரம்ப வேண்டும். அடோமாக்ஸெடினும் மெத்தில்ஃபெனிடேட்டும் வாயை உலர்த்தும். அந்தக் குழந்தைகள் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் கால் குழாய்தான் நிரம்பும். வெளியிலிருந்து கன்னத்தைத் தேய்த்துவிடுங்கள், இல்லையேல் குச்சி முறைக்கு மாறிவிடுங்கள். ரிஸ்பெரிடோனில் ஜொள்ளு வடிக்கும் குழந்தையிடம் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வாய்க்குள் குச்சி நுழைவது ஊசியைவிடப் பெரிய தொல்லையாக இருக்கலாம். முந்தின நாளே அதேபோன்ற குச்சியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அம்மா வாயிலும் பொம்மை வாயிலும் வைத்துப் பழக்கச் சொல்லுங்கள். படங்களை வரிசையாகக் காட்டுங்கள். கையைக் காலைப் பிடித்து அழுத்தி எடுக்க வேண்டாம். இது அவசரப் பரிசோதனை இல்லை, அடுத்த ஓ.பி. நாளில் எடுத்தாலும் நஷ்டமில்லை.

லேபிளைக் குழந்தையின் பக்கத்திலேயே, எடுத்த பிறகு ஒட்டுங்கள். பெயர், மருத்துவமனை எண் இரண்டும் வேண்டும். மற்ற ரத்தப் பரிசோதனையில் ஆள் மாறினால் அடுத்த வாரம் திரும்பப் பார்க்கும்போது பிடிபடும். மரபணு முடிவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, தப்பு ஆயுளுக்கும் கோப்பில் நிற்கும். இரட்டைக் குழந்தைகள், ஒரே நாளில் வந்த அண்ணன் தம்பி என்றால் இருமடங்கு கவனம் தேவை.

ஸாம்பிள் படிவத்தில் எழுத வேண்டிய விதிவிலக்குகள்: எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருந்தால் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏ. கல்லீரல் மாற்று நடந்திருந்தால் ரத்தம் குழந்தையின் மரபணுவைக் காட்டும், மருந்தைச் சிதைப்பதோ கொடையாளரின் கல்லீரல். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் குறிப்பிடுங்கள்.

படி 4: அறிக்கையைப் படிப்பது

நிறத்தைப் பார்க்காமல் நேராக மரபணு வகை என்ற நெடுவரிசைக்குப் போங்கள். சிஒய்பி2சி19-க்கு ஸ்டார் 1 நார்மல், ஸ்டார் 2, ஸ்டார் 3 செயலற்றவை, ஸ்டார் 17 வேகம் கூடியது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு இருக்கும். 2/2 என்றால் புவர் மெட்டபலைசர், மருந்தை மிக மெதுவாகச் சிதைப்பவர். 1/2 இடைநிலை. 17/17 மிக வேகம், அதாவது அல்ட்ராரேப்பிட்.

சிஒய்பி2டி6 கொஞ்சம் சிக்கல். இங்கே ஒவ்வொரு வகைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 0 என்றால் புவர். 0-க்கு மேல் 1.25-க்குக் கீழ் இடைநிலை. 1.25 முதல் 2.25 வரை நார்மல். அதற்கும் மேல் அல்ட்ராரேப்பிட். இந்த எல்லைகள் 2019-இல் மாற்றப்பட்டவை. 1/4 வகைக்கு மதிப்பெண் 1. பழைய அறிக்கை இதை நார்மல் என்று எழுதியிருக்கும், இன்றைய கணக்கில் இடைநிலை. வேறு மருத்துவமனையிலிருந்து பழைய அறிக்கையோடு வரும் குழந்தைக்கு "நார்மல்" என்ற சொல்லை நம்பாமல் எண்களை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சிஒய்பி2டி6-இல் மரபணு முழுதாக இல்லாமல் போவதும், கூடுதல் நகல்கள் இருப்பதும் உண்டு. நகல் எண்ணிக்கையைப் பார்க்காத ஆய்வகம் அல்ட்ராரேப்பிட் குழந்தையை நார்மல் என்றே எழுதும். அறிக்கையின் அடிக்குறிப்பில் நகல் எண்ணிக்கை பார்க்கப்பட்டதா என்று தேடுங்கள், இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஸ்டார் 1 என்பதும் "எல்லாம் சோதித்துச் சரியாக இருந்தது" என்ற பொருளில் எழுதப்படுவதில்லை. தேடிய கோளாறுகள் எதுவும் கிடைக்கவில்லையென்றால் போடும் பெயர் அது. எத்தனை கோளாறுகளைத் தேடினார்கள் என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.

படி 5: அறிக்கையை மில்லிகிராமாக மாற்றுவது

டோஸ் முடிவு டாக்டருடையது. ஆனால் கணக்கைச் செவிலியரும் போட்டுப் பார்க்க வேண்டும், கடைசித் தடுப்பு நாம்தான்.

அடோமாக்ஸெடினை எடுத்துக்கொள்வோம். 70 கிலோ வரை உள்ள குழந்தைக்குத் தொடக்கம் நாளுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. குறைந்தது 3 நாள் கழித்து 1.2 மி.கி. உச்சவரம்பு கிலோவுக்கு 1.4 மி.கி. அல்லது 100 மி.கி., இரண்டில் எது குறைவோ அது. சிஒய்பி2டி6 புவர் மெட்டபலைசர் என்றாலோ, ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை சேர்ந்தாலோ, 0.5-லேயே 4 வாரம் வைத்திருக்க வேண்டும். குணம் தெரியாமலும், தொல்லை இல்லாமலும் இருந்தால்தான் ஏற்றலாம்.

ஏன் இவ்வளவு நிதானம்? நார்மல் குழந்தையில் இந்த மருந்தின் அரையாயுள் (உடம்பில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 5 மணி நேரம், புவர் மெட்டபலைசரில் சுமார் 22 மணி நேரம். உடம்பில் சேரும் மொத்த அளவு ஏறத்தாழ 10 மடங்கு.

28 கிலோ எடையுள்ள, புவர் மெட்டபலைசர் என்று தெரிந்த பையன். 28 × 0.5 = 14 மி.கி. கேப்ஸ்யூலின் சிறிய அளவுகள் 10, 18, 25, 40. 18 கொடுத்தால் கிலோவுக்கு 0.64, 10 கொடுத்தால் 0.36. இந்தப் பையனுக்கு 10-இல் தொடங்குவது பாதுகாப்பு. கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதி கொட்டுவது கூடாது. உள்ளிருக்கும் தூள் கண்ணை உறுத்தும் என்பதால் திறக்கவே கூடாத மருந்து இது. இதே எடையில் நார்மல் பையனுக்கு 1.2 இலக்கு என்றால் 33.6. 25-உம் 10-உம் சேர்த்து 35 கொடுக்கலாம், கிலோவுக்கு 1.25. "ஒரே கேப்ஸ்யூலா இருக்கட்டும்" என்று 40 எழுதினால் 1.43, எல்லையைத் தாண்டிவிட்டது. எடையை அன்றைக்கே, செருப்பில்லாமல் பார்த்தீர்களா என்பதும் இந்தக் கணக்கில்தான் வெளியாகும்.

மற்றவை சுருக்கமாக. அரிபிப்ரசோல்: சிஒய்பி2டி6 புவர் மெட்டபலைசருக்கு வழக்கமான டோஸில் பாதி, அதோடு கிளாரித்ரோமைசின் போன்ற வலுவான சிஒய்பி3ஏ4 தடுப்பானும் சேர்ந்தால் கால். ரிஸ்பெரிடோன்: புவர் மெட்டபலைசருக்கு வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று டச்சு வழிகாட்டுதல் சொல்கிறது. எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம்: சிஒய்பி2சி19 புவர் மெட்டபலைசருக்கு வேறு மருந்து, இதுதான் வேண்டுமென்றால் குறைவாகத் தொடங்கி, மெதுவாக ஏற்றி, பராமரிப்பு டோஸைப் பாதியாக வைப்பது. சிட்டலோப்ராமில் இசிஜியின் க்யூடி இடைவெளி நீளும் ஆபத்தும் சேர்கிறது, எனவே இசிஜி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். செர்ட்ராலினிலும் சிஒய்பி2சி19 புவர் மெட்டபலைசருக்குப் பாதிப் பராமரிப்பு டோஸ் அல்லது மாற்று மருந்து.

டாக்டரிடம் சொல்லும்போது அறிக்கையைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. இப்படிச் சொன்னால் போதும்: "டாக்டர், 7-ஆம் பெட் பையன், 10 வயசு, 28 கிலோ. அடோமாக்ஸெடின் 25 எழுதியிருக்கீங்க. சிஒய்பி2டி6 ரிப்போர்ட் இன்னைக்கு வந்திருக்கு, புவர் மெட்டபலைசர். மூணு வாரம் முன்னாடி வரைக்கும் வெளியில ஃப்ளூவாக்ஸெடின் சாப்பிட்டிருக்கான். பல்ஸ் 96. ராத்திரி டோஸ் குடுக்கணுமா, நிறுத்தி வைக்கட்டுமா?" பதிலை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கார்பமாசெபின்: இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது

வலிப்புக்கும், மனநிலைக் கோளாறுக்கும், அடங்காத ஆவேசத்துக்கும் விலை குறைந்த மருந்து என்பதால் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. எச்எல்ஏ-பி 15:02 உள்ளவர்களில், தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் வரும் ஆபத்து மிக அதிகம் என்பது 2004-இல் தைவான் ஆய்வில் தெரிந்தது. 2007-இல் எஃப்டிஏ மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. இந்த முடிவு முதல் மாத்திரைக்கு முன் கையில் இருக்க வேண்டும். "இன்னைக்குத் தொடங்கிடுவோம், ரிப்போர்ட் வந்ததும் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துக் கேளுங்கள். தோல் உரியும் எதிர்வினை பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும், அறிக்கை வருவதற்குள் பாதிக் காலம் போய்விடும். பல மாதங்களாகக் கார்பமாசெபினைத் தொல்லையில்லாமல் சாப்பிட்டுவரும் குழந்தையின் கதை வேறு. அந்தக் குழந்தைக்கு இப்போது பாசிட்டிவ் வந்தாலும் பதறி நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம், முடிவு டாக்டருடையது.

பாசிட்டிவ் என்றால் கார்பமாசெபினோடு ஆக்ஸ்கார்பசெபினும் தவிர்க்கப்பட வேண்டும். ஃபெனிடாயினும் இதே பட்டியலில் உண்டு, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மனநல வார்டிலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைக்கு நள்ளிரவில் ஃபிட்ஸ் வந்தால், கேஷுவாலிட்டியில் ஃபெனிடாயின் ஏற்ற வாய்ப்பிருக்கிறது. அங்கிருக்கும் டாக்டருக்கு எச்எல்ஏ அறிக்கை எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒவ்வாமைக் கட்டத்தில் மூன்று மருந்துப் பெயரையும் எழுதுங்கள். ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவின் பர்சிலும் பள்ளிப் பையிலும் வைக்கச் சொல்லுங்கள்.

நெகட்டிவ் என்றால் நிம்மதி இல்லை, ஆபத்து குறைவு அவ்வளவுதான். பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய அடையாளங்கள்: காய்ச்சல், தொண்டைவலி, கண் சிவந்து எரிவது, வாய்ப்புண், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தொட்டால் வலிக்கும் சிவந்த தடிப்பு, கொப்புளம். தடிப்பு வருமுன்னரே காய்ச்சலும் கண் எரிச்சலும் வரலாம். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துவிடும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "மாத்திரை ஆரம்பிச்ச மூணு மாசத்துக்குள்ள உடம்புல தடிப்பு வந்தா அம்மைன்னு நெனச்சு உக்காந்துடாதீங்க. அடுத்த மாத்திரை குடுக்காம உடனே கூட்டிட்டு வாங்க."

படி 6: மருந்து தொடங்கிய பின் கண்காணிப்பு

மரபணு அறிக்கை கையில் இருந்தும் அதிகம் நடக்கும் தவறு, காத்திருக்க வேண்டிய காலத்தை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது. அரிபிப்ரசோலின் அரையாயுள் சாதாரணமாக 75 மணி நேரம், அளவு நிலைபெற இரண்டு வாரம் ஆகும். புவர் மெட்டபலைசரில் 146 மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு வாரத்தில் "ஒண்ணும் தெரியல" என்று ஏற்றி, அடுத்த வாரமும் ஏற்றினால், மூன்றாம் வாரத்தில் மூன்று டோஸும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நிற்கும்.

அப்போது வருவதுதான் அகதீசியா, உட்காரவிடாத உள்பரபரப்பு. குழந்தையிடம் இது கூடுதல் துறுதுறுப்பாகவே தெரியும். "முன்னைவிட மோசம், ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான்" என்று அம்மா சொல்ல, டோஸ் மறுபடி ஏற, தொல்லை இரட்டிப்பாகும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பாருங்கள்: டோஸ் ஏற்றிய சில நாளில் தொடங்கியதா? கால்தான் அதிகம் ஆடுகிறதா? பிடித்த கார்ட்டூன் ஓடும்போதும் எழுந்து எழுந்து நிற்கிறானா? பேசத் தெரிந்த குழந்தை "காலுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று சொல்லும். துறுதுறுப்புக் கோளாறு மட்டும் உள்ள குழந்தை பிடித்த விஷயத்தில் உட்கார்ந்துவிடும், அகதீசியா உள்ளது உட்கார விரும்பினாலும் முடியாமல் தவிக்கும். அகதீசியாவை அளக்கும் பார்ன்ஸ் அளவுகோல் படிவம் இருந்தால் நிரப்பி, டோஸ் ஏற்றிய தேதியை அதன் மேல் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

எஸ்எஸ்ஆர்ஐ தொடங்கிய, அல்லது டோஸ் மாற்றிய முதல் வாரங்களில் தூக்கமின்மை, எரிச்சல், அடக்கமில்லாத பேச்சு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை நேரடியாகக் கேட்க வேண்டும். அடோமாக்ஸெடினிலும் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அடோமாக்ஸெடினில் ஒவ்வொரு டோஸ் ஏற்றத்துக்குப் பிறகும் நாடி, ரத்த அழுத்தம்; ஒவ்வொரு வருகையிலும் உயரம், எடை, பசி; மஞ்சள் கண், கருத்த சிறுநீர் வந்தால் உடனே தகவல். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோலில் தொடக்கத்திலும் 4, 8, 12-ஆம் வாரங்களிலும் எடை; தொடக்கத்திலும் 12-ஆம் வாரத்திலும் வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. எடை கூடுவதை மரபணு அறிக்கை முன்கூட்டிச் சொல்லும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

அறிக்கையும் குழந்தையும் ஒத்துப்போகாவிட்டால் குழந்தையை நம்புங்கள். நார்மல் என்று எழுதியிருக்கிறது, ஆனால் குறைந்த டோஸிலேயே தள்ளாடுகிறது என்றால் வரிசையாகப் பாருங்கள்: எடை சரியா, மாத்திரை அளவு சரியா, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்களா, புதிதாக ஏதாவது மருந்து சேர்ந்ததா, ஸாம்பிள் மாறியிருக்குமா.

படி 7: பதிவும் குடும்பமும்

மருந்துகள் மாறும், மரபணு முடிவு மாறாது. எனவே ஓ.பி. சீட்டின் மூலையில் எழுதிவிட்டால் போதாது. கேஸ் ஷீட்டின் முன்பக்கம், டிஸ்சார்ஜ் சம்மரி, பெற்றோரிடம் உள்ள கோப்பு மூன்றிலும் மரபணு வகையை எண்ணோடு, ஆய்வகப் பெயர், தேதியோடு எழுதுங்கள். "புவர்" என்று மட்டும் எழுதினால் எந்த மரபணுவில் என்று அடுத்தவருக்குத் தெரியாது. சிஒய்பி2டி6 முடிவு பின்னாளில் கோடீன், டிரமடால் எழுதும்போதும், சிஒய்பி2சி19 முடிவு ஓமெப்ரசோல் எழுதும்போதும் தேவைப்படும்.

குழந்தைக்கு சிஒய்பி2சி19 2/2 என்று வந்தால் அம்மா, அப்பா இருவரிடமும் குறைந்தது ஒரு ஸ்டார் 2 இருக்கிறது. அப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் என்றால், தன் இதய டாக்டரிடம் இதைச் சொல்லும்படி அறிவுறுத்தலாம், அந்த மருந்து வேலை செய்ய இதே நொதி வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் அதே முடிவு இருக்கக் குறைந்தது 4-இல் 1 வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் கட்டிலருகே உறவினர் கூட்டத்தில் பேசாதீர்கள். பெற்றோரின் மரபணுவோடு குழந்தையின் முடிவு பொருந்தாமல் வரவும் கூடும். தனி அறையில், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, மற்றதை டாக்டரிடமோ மரபணு ஆலோசகரிடமோ அனுப்புங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் மரபணு முடிவு வேண்டியதில்லை. மதிய மாத்திரை உண்டா, என்ன தொல்லை வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருந்து கொடுக்கவே கூடாது என்ற மூன்று வரி போதும்.